வேலிக்குள் கொட்டிய நெல்

இருபது வருஷம் கழித்து உங்கள் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு சிலர் எங்கள் ஊருக்கு வந்தார்கள். பெரும் புயலுக்கு அடுத்த வேனில் காலம் அது. கோயில் கொட்டகையில் பாய் விரித்து எங்களை உட்காரவைத்து, மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மரியாதையாகக் கேட்டதுதான் எங்களுக்குப் பிடிக்காமல் போனது. அதட்டிக் கேட்பவனுக்கு என்ன வேண்டும் என்பது அவன் முகத்திலேயே தெரிந்துவிடும். சிரித்துக்கொண்டு கேட்பவனிடம்தான் பயம்.

நான் அந்த ஊரில் பிறந்தவள் இல்லை. ரங்கூன் நகரத்தின் நடுவே, கியாக்டடாவில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா கீழ்த்தளத்தில் அலுமினியப் பாத்திரக் கடை வைத்திருந்தார். எண்பத்தெட்டில் ரங்கூனே கொந்தளித்துக் கடைத்தெருவெல்லாம் அடைத்துக் கிடந்த சமயத்தில், வயது வந்த பெண்ணை டவுனில் வைத்திருக்க அவருக்குப் பயமாகிவிட்டது. தன்லியினுக்கு அப்பால், நெல் விளைகிற தமிழ்க் கிராமம் ஒன்றில் மாப்பிள்ளை பார்த்தார். அப்போது பாலம் கிடையாது. படகில் ஆற்றைத் தாண்டி, பஸ் பிடித்து, கடைசியில் மாட்டு வண்டியில் போய் இறங்கினேன். ஆரத்தி எடுத்த நாத்தனார் என் கையைத் திருப்பிப் பார்த்து, "இது நாத்துப் பறிக்கிற கை இல்லியே" என்றாள். அவள் என் கணவருக்கு மூத்தவள். அதே தெருவின் கோடியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

அன்றிலிருந்து எனக்கு ஊரில் டவுன்காரி என்று பெயர். பர்மியம் எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். நான் வாசித்துச் சொல்வேன். கேட்டுக்கொண்டு போய், பக்கத்து ஊரில் இன்னொருவரிடம் கொடுத்து மறுபடியும் வாசிக்கச் சொல்வார்கள். நான் சொன்னதையே அவரும் சொன்னால், இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள் என்பார்கள்.

இந்தச் சந்தேகம் அவர்களுக்குப் பிறவியில் வந்ததில்லை. பாலம் திறந்த பிறகு வந்தது.

பாலம் வந்ததும் எங்கள் பக்கத்து மண்ணுக்குத் திடீரென்று மவுசு ஏறியது. ஒரு வேனிலில், முக்காலி வைத்து அளக்கிறவர்கள் வந்தார்கள். இரும்புச் சங்கிலியும், சிவப்புத் துணி கட்டிய கம்புகளும் கொண்டுவந்திருந்தார்கள். ரோடு வரும், உங்கள் நெல் லாரியில் போகும் என்றார்கள். ஊரே சேர்ந்து இளநீர் வெட்டிக் கொடுத்தது. நாத்தனாரின் கணவர் வெள்ளை மனசுக்காரர். வரப்பு வரப்பாக அவர்களோடு நடந்து, இது இன்னாருடையது, இது வரைக்கும் எங்களுடையது என்று காட்டினார். சங்கிலி பிடிக்க ஆள் பற்றவில்லை என்றதும் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் ஆற்றுப் பக்கத்து வயல்கள் முழுவதையும் வளைத்து முள்கம்பி வேலி வந்தது. தொழிற்சாலை வரப்போகிறதாம். மண்ணெல்லாம் சர்க்காருடையது, உழுகிற உரிமை மட்டும்தான் உங்களுடையது, அதுவும் இன்றோடு முடிந்தது என்று லூஜி வந்து சொன்னார். ஊர்த் தலைவரை லூஜி என்போம். பெரிய மனிதர் என்று அர்த்தம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து பர்மியக் கிராமத்துக்காரர் அவர். இரண்டு ஊருக்கும் அவர்தான் தலைவர். எங்களில் பலருக்கு முழுக் குடியுரிமை அட்டை கிடையாது. எங்கே போய் யாரிடம் என்ன பேசுவது?

நாத்தனாரின் வயல் முழுவதும் வேலிக்குள் போயிற்று. சங்கிலி பிடித்தவர் அதன்பிறகு யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாயங்காலமானால் வேலியோரம் போய் நிற்பார். சில வருஷங்களில் மார்வலி கண்டு இறந்துபோனார். தொழிற்சாலை வரவே இல்லை. வேலிக்குள் ஆளுயரத்துக்குப் புல் வளர்ந்தது. காவலுக்கு ஒரு கிழவரும் ஒரு நாயும் இருந்தார்கள். நாத்தனார் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நடப் போனாள். வேலியைத் தாண்டித்தான் போகவேண்டும். அந்தப் பக்கம் தலையைத் திருப்பமாட்டாள்.

இரண்டாயிரத்து எட்டில் அந்தப் பெரும் புயல் அடித்தபோது எங்களைக் காப்பாற்றியது ஒரு மேடு. ஊருக்குப் பின்னால், மூங்கில் புதர்களைத் தாண்டி, ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் இருந்தது. மேலே ஒரு முனீஸ்வரர் சூலம், பக்கத்தில் நல்ல தண்ணீர்க் குளம், சரிவில் எங்கள் காய்கறிப் பாத்திகள், வெற்றிலைக் கொடிகள். மேற்குச் சரிவில் சில பழைய கபர்கள், முஸ்லிம்களின் சமாதிகள். கூரைகள் பறந்து, தண்ணீர் முழங்காலுக்கு ஏறியபோது ஊரே அந்த மேட்டில்தான் போய் ஒண்டியது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், சுற்று வட்டாரத்தில் உப்புப் பூக்காத மண் அது ஒன்றுதான். அந்த வருஷம் எங்களுக்குக் கீரையும் கத்தரிக்காயும் கொடுத்தது அந்தச் சரிவு.

புயலுக்குப் பிறகு உதவி செய்ய வந்த அமைப்புகளில் ஒன்றுதான், மற்றவர்கள் போன பிறகும் போகாமல், இருபது வருஷக் கேள்வியோடு வந்தது. மூன்று பேர் வந்தார்கள். நகரத்திலிருந்து வந்த ஒரு இளம் பர்மியப் பெண்தான் தலைவி. அவளைச் சயாமா என்று அழைத்தோம். டீச்சர் என்பது போல. அவளோடு படம் வரைகிற நடுவயதுக்காரர் ஒருவர், வண்டியோட்டி ஒருவர். கொட்டகையின் மூலையில் நாற்காலி போட்டு லூஜி உட்கார்ந்திருந்தார். அவர் இல்லாமல் கூட்டம் நடத்த அனுமதி இல்லையாம்.

சயாமா கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். யாரும் பேசாததால் ஒவ்வொரு பெண்ணாகப் பார்த்துக் கேட்டாள். அன்றைக்குத்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் பர்மியத்தை மறந்தார்கள். தன்லியின் சந்தையில் மீன்காரியோடு பர்மியத்தில் மல்லுக்கு நின்று விலை குறைக்கிறவள் என் நாத்தனார். அவள் கையை விரித்து, "நாமலே பூ" என்றாள். புரியவில்லை என்று அர்த்தம். அந்த வார்த்தையை மட்டும் சுத்தமான பர்மியத்தில் சொன்னாள். அடுத்தவளும் அதையே சொன்னாள். கடைசியில் எல்லோரும் என்னைக் கை காட்டினார்கள். அப்படித்தான் நான் மொழிபெயர்க்க உட்கார்ந்தேன்.

சயாமா கேட்பதை நான் தமிழில் சொல்வேன். அவர்களுக்கு அது ஏற்கெனவே புரிந்திருக்கும். நான் சொல்லி முடிக்கிற நேரம் அவர்களுக்கு யோசிக்கிற நேரம். நாத்தனார் மட்டும் என்னைப் பார்க்கமாட்டாள். நான் பேசும்போதெல்லாம் லூஜியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருவது வருசம் கழிச்சு நாங்க இருப்பமான்னு கேட்டுச் சொல்லு" என்றாள் ஒருத்தி.

நான் அதை, "எதிர்காலம் பற்றி எங்களுக்குத் தெரியாது" என்று பர்மியத்தில் மாற்றினேன். சயாமா தலையசைத்தாள். அவள் கண்ணைப் பார்த்தபோது, இவளுக்குத் தமிழ் தெரியுமோ என்று எனக்கு ஒரு திடுக்கிடல். பிறகு எத்தனையோ தடவை சோதித்துப் பார்த்தேன். தெரியாது என்றுதான் தோன்றியது. நிச்சயமாகச் சொல்ல முடியாது.

அடுத்த கூட்டத்தில், பேசவேண்டாம், வரைந்து காட்டுங்கள் என்றார்கள். கொட்டகைத் தரையில் தவிடும் செங்கல் பொடியும் இலையும் நெல்லும் கொடுத்தார்கள். செங்கல் பொடியில் ரோடு போடுங்கள், இலையால் தோப்பைக் காட்டுங்கள், வயல் இருக்கிற இடத்தில் நெல்லைக் கொட்டுங்கள் என்றார்கள். புயலுக்குத் தாங்குகிற ஒரு கட்டடம் கட்டித்தரப் போகிறோம், அதற்கு இடம் பார்க்கவேண்டும் என்றும் சொன்னார்கள். பெண்கள் கோலம் போடுகிற கைகளால் சீக்கிரமாகவே ஊரைப் போட்டுவிட்டார்கள். தெரு, கோயில், வாய்க்கால், களம் எல்லாம் வந்தன. வேலிக்குள் போன நிலத்தைச் சுற்றி ஈர்க்குச்சிகளை வரிசையாக வைத்தார்கள். உள்ளே ஒன்றும் போடவில்லை. மூங்கில் புதருக்குப் பின்னாலும் ஒன்றும் போடவில்லை. மேடு இல்லை. குளம் இல்லை. யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொருத்தியும் தானாகவே விட்டாள்.

சயாமா அதைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். பிறகு குனிந்து என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"புயல் அன்றைக்கு எல்லோரும் எங்கே நின்றார்கள்?"

நான் மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்காமலே எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

"மரத்தைக் கட்டிப்பிடிச்சிட்டு நின்னோம்னு சொல்லு" என்றாள் நாத்தனார்.

சொன்னேன்.

"எல்லோருமா? கைக்குழந்தைகளுமா?"

நான் மொழிபெயர்க்கும் வரை நாத்தனார் காத்திருக்கவில்லை. தமிழிலேயே, சயாமாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "எங்க புள்ளைங்க பொறந்ததுலேருந்து அப்படித்தான்."

சயாமா அதற்குமேல் கேட்கவில்லை. படக்காரர் தரையில் இருந்ததை அப்படியே காகிதத்தில் எடுத்துக்கொண்டார். லூஜி எழுந்துவந்து பார்த்தார். மேடு இருக்கவேண்டிய இடத்தில் அவர் கண் கொஞ்ச நேரம் நின்றது. அவருக்கு அந்த மேடு தெரியும். அதன் அடிவாரத்தில்தான் அவருடைய மாடுகள் மேயும். ஆனால் அவரும் ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அன்று வெயில் அதிகம். நகரத்துக்கு அப்பாவைப் பார்க்கப் போகவேண்டியிருந்ததால், பஸ் நிற்கும் இடம் வரை அவர்கள் வண்டியில் ஏறிக்கொண்டேன். திரும்பி வந்தபோது நாத்தனார் என் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"வண்டில என்ன பேசுனீங்க?"

"ஒண்ணும் பேசல அண்ணி. பஸ் எப்ப வரும்னு கேட்டாங்க."

"பாலத்து வரைக்கும் போற வண்டில பஸ்ஸப் பத்தியா பேசுவாங்க?"

என் கணவர் உள்ளிருந்து, "அக்கா, அவ என்னத்தச் சொல்லப்போறா, விடு" என்றார். நாத்தனார் அவர் பக்கம் திரும்பவில்லை.

"நான் உன்னையச் சொல்லலம்மா. உனக்குத் தெரியாமயே உன் வாயிலேருந்து எடுத்துருவாங்க. எங்க வீட்டுக்காரரு வாயிலேருந்து அப்படித்தான் எடுத்தாங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவள் போன பிறகு யோசித்தேன். எனக்கே தெரியாமல் ஏதாவது சொல்லியிருக்கிறேனா? மழைக்காலத்தில் எங்கே மாடு கட்டுவீர்கள் என்று வண்டியோட்டி கேட்டான். பொதுவாகத்தான் பதில் சொன்னேன். அதையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் மேடு தெரிந்துவிடுமா? அவள் சந்தேகம் எனக்குள்ளும் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு வண்டியோட்டி சிரித்தாலும் எனக்குத் திக்கென்றது.

இவர்கள் யார், இந்தப் படங்களை என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். அவர்களுடைய ஆபீஸ் கியாக்டடாவில், எங்கள் பழைய வீட்டுக்கு நாலு தெரு தள்ளித்தான் இருந்தது. அப்பாவுக்கு மருந்து வாங்க என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், சூலே பகோடா பக்கம் இறங்கி, வெற்றிலைக் கறை படிந்த படிக்கட்டில் ஏறினேன். கதவு திறந்தே இருந்தது. சுவர் முழுக்க ஊர்ப் படங்கள் இருந்தன. எங்களுடையதும் கலர் அடித்துத் தொங்கியது.

நல்ல வெள்ளைச் சட்டையும் புது லுங்கியுமாக ஒரு அதிகாரி டீ குடித்தபடி அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சயாமா பக்கத்தில் கை கட்டி நின்றாள். அவர் வேறு ஏதோ ஊரின் படத்தில், நிறம் பூசாத ஒரு இடத்தைப் பேனாவால் தட்டினார்.

"இது சும்மா கிடக்கிற இடமா?"

"அங்கே அவர்கள் ஒன்றும் வரையவில்லை" என்றாள் சயாமா.

"ஓ" என்றார் அவர். அவ்வளவுதான். பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கதவோரம் நின்றிருந்த நான் எங்கள் ஊர்ப் படத்தைப் பார்த்தேன். மூங்கில் புதருக்குப் பின்னால் நாங்கள் விட்டுவைத்த வெறுமை, கலர் அடித்த படத்தில் வெள்ளை வெளேரென்று தெரிந்தது.

அவர் போன பிறகு சயாமா என்னைப் பார்த்தாள். ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. பின்பக்கத்து பால்கனிக்கு அழைத்துப்போனாள்.

"எல்லோருக்கும் காட்டுவதற்குத்தான் வரைந்து வாங்குகிறீர்களா?" என்று கேட்டேன்.

"காட்டாவிட்டால் உங்கள் ஊருக்குள் கால் வைக்கவே எனக்கு அனுமதி கிடையாது, அம்மா."

"அப்படியானால் அதை எங்களிடம் சொல்லியிருக்க வேண்டாமா?"

"லூஜி உட்கார்ந்திருக்கும்போது எப்படிச் சொல்வேன்? நீங்களே வந்து பார்த்துவிட்டீர்கள். வெறுமையாக விட்ட இடத்தை வெறும் இடம் என்றுதான் படிப்பார்கள். இதை நான் உங்களிடம் சொன்னதாக இருக்கவேண்டாம்."

பிறகு தன் கதையைச் சொன்னாள். எண்பத்தெட்டுக்குப் பிறகு நகரத்துக்குள் இருந்த அவள் தெருவைக் காலிசெய்து, குடும்பத்தோடு நகரத்துக்கு வெளியே லைங் தாயாவில் கொண்டுபோய் இறக்கினார்களாம். ஒரு வயல், நாலு மூலையிலும் ஒரு முளைக்குச்சி, இதுதான் உன் வீடு என்று. அந்தக் குச்சியை யாருடைய வயலில் அடித்தார்கள் என்று அன்றைக்கு அவள் அம்மா கேட்கவில்லையாம். அதனால்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்றாள்.

கண் கலங்கித்தான் சொன்னாள். ஆனாலும் படி இறங்கும்போது எனக்கு, இது நிஜமா, இல்லை எங்களைப் போன்றவர்களிடம் சொல்வதற்கென்று வைத்திருக்கும் கதையா என்ற யோசனை. ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொருத்தியை பால்கனிக்கு அழைத்துப்போய் இதையே சொல்லியிருப்பாளோ? அவள் சொன்னதை நம்பவில்லை. நான் கண்ணால் பார்த்ததை நம்பினேன். வெள்ளைச் சட்டைக்காரரின் பேனா தட்டிய இடத்தை.

ஊருக்கு வந்ததும் நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனேன். அவள் கோழிக்கு உமி தூவிக்கொண்டிருந்தாள். பார்த்ததை மட்டும் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

"அதான் லூஜி வாயத் தொறக்கல" என்றாள். "நம்ம மறைச்சம்னு நினைச்சிட்டிருந்தோம். அந்தாளுக்குக் காலி எடம் பண்ணிக் குடுத்திருக்கோம்."

மறுநாள் காலை, ஆண்கள் பெண்கள் எல்லோரும் அவள் வீட்டுக் கொல்லையில் கூடினோம். யாராவது கேட்டால் பயறு உடைக்க வந்தோம் என்று சொல்வதாக ஏற்பாடு. மேட்டைக் காட்டக் கூடாது என்று பாதிப் பேர் பிடிவாதமாக நின்றார்கள். காட்டினால்தான் எடுப்பார்கள், ஆற்றுப் பக்கத்து வயலைக் காட்டித்தானே போனது என்றார்கள். நாத்தனார் எதிரில் அதைச் சொல்லிவிட்டோமே என்று சொன்னவரே தலையைக் குனிந்துகொண்டார்.

கடை பாய்தான் பேசினார். எங்கள் ஊரில் மளிகைக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் அவர். அவர்கள் குடும்பம் தலைமுறையாக அங்கேதான்.

"அடுத்த புயலுக்கும் ஓடிப் போய் அந்த மேட்டுலதானே நிக்கப்போறோம்? அங்க ஒரு கட்டடம் இருந்தா நல்லதா கெட்டதா?"

"கட்டடம் நல்லதுதான் பாய். அப்புறம் எடத்தக் கேட்டா?"

"எங்க பாட்டன் முப்பாட்டன் கபரெல்லாம் அங்க இருக்கு. அதை நல்லாத் தெரியிற மாதிரி போடுங்க. உங்க முனியையும் போடுங்க. பர்மாக்காரன் பேய் இருக்கிற எடத்துல கை வைக்க யோசிப்பான்."

"ரெண்டு மூணு கபருதானே இருக்கு?"

"பொய் சொல்ல வேணாம். கொஞ்சம் பெருசாப் போடுங்க."

முதன்முதலாக அந்தக் கொல்லையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. பயறை முறத்தில் தள்ளிக்கொண்டே ஏதோ யோசனையில் இருந்தாள். கட்டடம் வேண்டும், மேட்டைக் காட்டுவது, முனியும் கபரும் பெரிதாக இருக்கவேண்டும் என்று முடிவாயிற்று. யார் முதலில் போடுவது என்று கேட்டபோது நாத்தனார், "நான் போடுறேன்" என்றாள்.

அடுத்த கூட்டத்துக்கும் லூஜி வந்திருந்தார். விட்டுப்போனது ஏதாவது உண்டா என்று சயாமா பொதுவாகக் கேட்டாள். என் பக்கம் அவள் பார்க்கவே இல்லை. நாத்தனார் எழுந்து போய், மூங்கில் புதருக்குப் பின்னால் தவிட்டைக் குவித்தாள். உள்ளங்கையால் தட்டி மேடாக்கினாள். உச்சியில் ஒரு குச்சியை நட்டு, "முனி" என்றாள். வெள்ளைக் கூழாங்கற்களை அள்ளிச் சரிவு முழுக்கப் பரப்பி, "கபரு" என்றாள். தண்ணீருக்கு ஒரு சிரட்டை வைத்தாள். பிறகு புயலின்போது நாங்கள் எங்கே நின்றோம் என்பதை, கட்டை விரலால் அந்தத் தவிட்டு மேட்டில் அழுத்திக் காட்டினாள். நான் மொழிபெயர்த்தேன். லூஜியின் தாடை இறுகியதை எல்லோரும் பார்த்தோம்.

அதோடு உட்கார்ந்துவிடுவாள் என்றுதான் நினைத்தோம். அவள் உட்காரவில்லை. கூடையிலிருந்து இரண்டு கையாலும் நெல்லை அள்ளிக்கொண்டு, ஈர்க்குச்சி வேலிக்குப் போனாள். வேலிக்குள், அவளுடைய வயல் இருந்த இடத்தில் கொட்டினாள். திரும்பி வந்து இன்னும் அள்ளிக்கொண்டு போனாள். வேலிக்குள் நிறையும் வரை கொட்டினாள்.

லூஜி நாற்காலியை விட்டு எழுந்தார். "அது ஊர் நிலம் இல்லை. அதில் ஒன்றும் போடக் கூடாது."

நான் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். நாத்தனார் கையைக் காட்டி நிறுத்தினாள். அத்தனை நாள் மறந்திருந்த பர்மியம் அவளுக்குத் திரும்ப வந்தது. சந்தைப் பர்மியம்தான். ஆனால் ஒரு வார்த்தை தடுக்கவில்லை.

"இன்னைக்கு யாரோடதுன்னு இவங்க கேக்கல. இருவது வருசம் கழிச்சு என்ன இருக்கணும்னு கேட்டாங்க. அங்க நெல்லு இருக்கணும்."

படக்காரர் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு சயாமாவைப் பார்த்தார். "இங்கே என்ன எழுதட்டும்?" என்று கேட்டார். சயாமாவின் முகம் வெளுத்திருந்தது. லூஜியைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள். "கேட்டோம், சொல்லியிருக்கிறார்கள்" என்றாள். எழுது என்றும் சொல்லவில்லை. எழுதாதே என்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் லூஜி என்னைக் கூப்பிட்டனுப்பினார். நாத்தனாரை அல்ல, என்னை. யார் இதைச் சொல்லிக்கொடுத்தது, அந்த ஆபீஸ்காரியா என்று கேட்டார். கூட்டத்தில் பேசியதையெல்லாம் நீங்களே காதால் கேட்டீர்கள், அதற்குமேல் எனக்குத் தெரியாது என்றேன். நீ டவுனுக்குப் போனாயாமே என்றார். அப்பாவுக்கு மருந்து வாங்கப் போனேன் என்று சொல்லி, மருந்துச் சீட்டையும் காட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. நான் போனதை அவரிடம் சொன்னது யார்? எங்கள் ஊர் ஆள் யாரோதான். இன்றுவரை தெரியாது. ஒவ்வொருவரையும் ஒரு தடவையாவது சந்தேகப்பட்டிருக்கிறேன். கடை பாயைக்கூட.

கட்டடத்துக்கு அனுமதி கிடைத்தது. மேட்டின் ஓரத்தில், கபர்களுக்கும் சூலத்துக்கும் இடைஞ்சல் இல்லாமல், தடித்த தூண்களின் மேல் எழும்பியது. ஊர்ப் படத்தைக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்து உள்ளே மாட்டினார்கள். மேடு இருந்தது, கற்கள் நிறையவே இருந்தன. வேலிக்குள் மஞ்சள் நிறம் அடித்திருந்தார்கள். எழுத்து ஒன்றும் இல்லை.

நாத்தனார் படத்துக்கு மூக்கை ஒட்டவைத்துப் பார்த்தாள். "மஞ்சள்னா நெல்லுதானே?"

"காஞ்ச புல்லுக்கும் மஞ்சள்தான் அண்ணி."

"எனக்கு நெல்லு" என்றாள்.

அவர்களுடைய அனுமதி அதற்குப் பிறகு நீட்டிக்கப்படவில்லை என்று கேள்விப்பட்டேன். சயாமா கடைசியாகச் சொல்லிக்கொள்ள வரவில்லை. வரமுடியவில்லையா, வேலை முடிந்தது என்று விட்டுவிட்டாளா? ஒரு தடவை கியாக்டடாவுக்குப் போனபோது அந்தப் படியேறிப் பார்த்தேன். அங்கே ஏதோ பயண ஏற்பாட்டுக் கம்பெனி இருந்தது. அவள் எங்களுக்கு நல்லவளா என்று இப்போது கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. வேலிக்குள் புல்தான் இருக்கிறது. மேட்டில் இதுவரை யாரும் கை வைக்கவில்லை.

கட்டடம் முடிகிற சமயத்தில் அதன் சாவி விஷயமாக ஒரு சண்டை வந்தது. அரசாங்க அனுமதியில் கட்டியது, அதனால் சாவி என்னிடம்தான் இருக்கும் என்றார் லூஜி. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவர் வீடு. தண்ணீர் ஏறினால் சாவியோடு யார் வருவார்கள்? இன்னொரு சாவி செய்து எங்களிடம் கொடுப்பதாகச் சொன்னார். பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தச் சாவி அந்தப் பூட்டுக்குத்தானா என்று தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா என்றாள் நாத்தனார். கொத்தனார் இருக்கும்போதே சொல்லி, வெளிப்பக்கத்து நாதாங்கியை எடுக்கவைத்தார்கள். தாழ்ப்பாள் உள்பக்கம் மட்டும். பூட்டவே முடியாத கதவு.

இரண்டாயிரத்துப் பத்தில், மழை முடிகிற சமயம், புயல் வருகிறது என்று வானொலி சொன்னது. மத்தியானத்துக்குள் ஊரே மேட்டில் ஏறிவிட்டது. அரிசி, கோழி, சாமிப் படம், பாயின் கடைத் தராசு எல்லாம் வந்து சேர்ந்தன. நாத்தனார் கதவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டாள். காற்று பலத்தபோது கதவு தட்டப்பட்டது. இடுக்கு வழியாகப் பார்த்தாள். லூஜி, அவர் மனைவி, மருமகள், கைக்குழந்தை. எல்லோரும் நனைந்து நின்றார்கள். நாத்தனார் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வேற யாராவது வர்றாங்களா?" என்று பர்மியத்தில் கேட்டாள்.

"நாங்கள் மட்டும்தான்" என்றார் அவர்.

தாழ்ப்பாளை விலக்கினாள். அவர்கள் உள்ளே வந்ததும், வெளியே தலையை நீட்டி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மறுபடி போட்டாள். மருமகளின் கையிலிருந்து குழந்தையை வாங்கித் தன் முந்தானையால் துவட்டினாள். லூஜிக்கு உட்கார ஒரு சாக்குப் பை கொடுத்தோம்.

அன்று மாலையே, புயல் திசை மாறி வேறு பக்கம் போய்விட்டது, வீடுகளுக்குத் திரும்பலாம் என்று வானொலி சொன்னது. லூஜி எழுந்தார். எங்களில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரும் உட்கார்ந்துகொண்டார். நன்றாக விடிந்து, வாய்க்கால் தண்ணீரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கீழே இறங்கினோம்.